மடித்த மூலை

தேவபிச்சை தன் மனைவி ராஜகனியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், வாசலைப் பார்க்கப் போட்டிருந்த கட்டிலில் அவள் ஒருக்களித்துப் படுத்தபடி, நிலைக்கு மேலே ஆணியில் தொங்கிய வாக்குத்தத்த அட்டையைக் காட்டி, "அதுல தூசி படிஞ்சிருக்கு, தொடச்சிருங்க" என்று சொன்னபோது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பிளாஸ்டிக் உறையின் மேல் துடைத்தார். நீடித்த ஆயுசைப் பற்றிய வசனம் அது. அவர் கையால் எழுதியது. இறங்கித் திரும்பியபோது அவள் அட்டையைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நேரமாகியும் வராத பஸ் வளைவில் திரும்புகிறதா என்று ரோட்டைப் பார்ப்பவர்களைப் போல. அவர் வாயைத் திறந்தார். தொண்டையில் ஏதோ மேலே வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போனது.

"கஞ்சி வைக்கட்டுமா?" என்றார்.

அவள், "வைங்க" என்றாள்.

நொய்யரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு, ஆற்றி, கரண்டியோடு கொண்டுவந்தபோது அவள் அதே பக்கம் பார்த்தபடிதான் கிடந்தாள், ஆனால் பார்க்கவில்லை.

பெத்தானியாவிளை தேரி மணலின் விளிம்பில் இருக்கிற ஊர். ஆடிக் காற்று பலமாக அடித்தால் சிவப்பு மணல் வேதக்கோயில் படியில் மூன்றை மூடிவிடும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அள்ளிவிடுவார்கள். அந்த ஊரில் புது வருஷத்து முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும், ஒரு பனையோலைக் கொட்டான் நிறைய வாக்குத்தத்த அட்டைகளைப் போட்டு வைப்பார்கள். சபையார் வரிசையில் வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்து, அதிலுள்ள வேத வசனத்தை மைக்கில் வாசித்து, எல்லாரும் ஆமென் சொன்ன பிறகு இறங்க வேண்டும். வந்த வசனம் அந்த வருஷம் முழுவதும் அவரவருக்கு. அதற்கு உறை போட்டு நிலைக்கு மேல் தொங்கவிட்டு, கிணறு வெட்டலாமா, பேசி வந்திருக்கிற மாப்பிள்ளையை முடிக்கலாமா, துபாய்க்குப் போகலாமா என்று எதற்கும் அதை அண்ணாந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பயணத்தைப் பற்றிய வசனம் வந்ததென்று முழங்கால் வலியோடு பம்பாய்க்கு ரயிலேறியவர் உண்டு. அறுப்பைப் பற்றிய வசனம் வந்ததென்று தேரி மணலில் நெல் விதைத்து, எறும்புக்குத் தீனி போட்டவரும் உண்டு. அப்படியும் யாரும் அட்டையைக் குறை சொன்னதில்லை, தாங்கள் அதைப் புரிந்துகொண்டதைத்தான் குறை சொன்னார்கள்.

அட்டைகளை எழுதுவது தேவபிச்சை. கடைப் பலகையும் கல்லறைச் சிலுவையும் எழுதிப் பிழைத்தவர், எழுத்தை எவரிடமும் கற்றவரல்ல, பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துப் பார்த்துத் தானே படித்தவர். அட்டை வெட்டி, வசனம் எழுதி, கொட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர்தான். எழுதினவருக்குக் கடைசி அட்டை என்பது வழக்கம்.

ராஜகனி இறந்த அந்த வருஷம் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா, மார்பில் இருக்கிற கட்டியைத் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ராஜகனி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "கார்டு வரட்டும். அதுல என்ன வருதோ அதும்படி செய்வோம்" என்றாள்.

கொட்டானில் ஆறுதல் வசனங்கள் மட்டும் இருப்பதில்லை, பாடு அனுபவிப்பதைப் பற்றியும் கண்ணீரைப் பற்றியும் உண்டு. அப்படி ஒன்று அவள் கையில் ஏறிவிட்டால் பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டாள் என்று தேவபிச்சை நினைத்தார். நீடித்த ஆயுசு வசனத்தைத் தனியாக ஒன்று எழுதினார். தடவினால் அடையாளம் தெரிய, வலது மேல் மூலையை நகக்கண் அகலத்துக்கு மடித்தார். கொட்டானின் விளிம்பில் அதைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ராஜகனி கண்ணை மூடிக் கையை நீட்டியபோது, அவள் விரலுக்குள் தள்ளினார். அவள் வாசித்தாள். ஆமென் என்றார்கள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போவமா?" என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

"கர்த்தரே ஆயுசு தாரேன்னு சொல்லிட்டாரு. பெறகு எதுக்குக் கத்தி?"

சொன்னது கர்த்தர் இல்லை, நான்தான் என்று அவர் அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சொன்னால் இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் முன்னால், கடவுளின் கையை விலக்கிவிட்டுத் தன் கையை நீட்டினவனாக நிற்க வேண்டும், ஊருக்குத் தெரிந்தால் கொட்டானைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று சட்டையைக் கழற்றினார். அதைப் பத்து மாதம் கழற்றினார்.

அடக்கத்தில் குருவானவர் தீமோத்தேயு ஐயா, நீடித்த ஆயுசு என்று வசனம் சொன்னது நித்திய ஆயுசைத்தான், நம் சகோதரி அதை விசுவாசித்தார் என்று பிரசங்கித்தார். எல்லாரும் தேவபிச்சையை இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்த இரக்கம் வெந்நீரைப் போல அவர் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த புது வருஷத்தில்தான் அது நடந்தது. முதலில் வந்தவர் பலசரக்குக் கடை பொன்னுத்துரை. கண்ணை மூடி எடுத்து, மைக் முன்னால் தொண்டையைச் செருமி, வாசிக்கிற ராகத்திலேயே வாசித்தார்: "தராசுத் தட்டுக்கு அடியில புளி உருண்டை ஒட்டியிருக்கேன்."

சபையார் பழக்கத்தில் ஆமென் என்றார்கள்.

பொன்னுத்துரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்குள் சொர்ணபாய் டீச்சர் மேலே வந்துவிட்டார். "அவிய பாடுற ராகம் எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்தே பிடிக்காது" என்று வாசித்தார். அவர் புருஷன்தான் பாடகர் குழுத் தலைவர். ஆமென். ஒரு பெண்பிள்ளை, "நர்சிங் வேண்டாம், எனக்கு ரத்தம் பார்த்தா மயக்கம் வருது" என்று வாசித்துவிட்டு மைக்கிலேயே அழுதது. ஆமென். இப்படிப் பதினைந்து இருபது பேர் ஆனபோது ஊருக்கு விளங்கிவிட்டது. வாய்வரை வந்து திரும்பிப் போன வார்த்தை எதுவோ, அதுதான் அவரவர் அட்டையில் வருகிறது. விளங்கிய பிறகும் யாரும் வரிசையைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் வருஷத்துக்கு ஒரு அட்டை இல்லாமல் அந்த ஊரில் யாரும் இருந்ததில்லை. குருவானவருக்கு வந்தது: "நாலு வருஷமா ஆறு பிரசங்கத்தைத்தான் சுத்திச் சுத்திச் சொல்லுதேன்." அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய ஆமென் அதற்குத்தான் கிடைத்தது.

மரியசெல்வம் என்று ஒருத்தி. விடிந்தால் தெருக்குழாயில் தொடங்கி, பொழுதடைந்தால் கொல்லைப்புற வேலியில் முடிப்பாள், வைய ஆளில்லாவிட்டால் காக்காயை வைவாள். அவள் எடுத்த அட்டை இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது.

"ஏ தேவபிச்ச, எனக்கு மட்டும் ஒண்ணுமே எழுதாம விட்டுட்டியே."

கீழேயிருந்து பொன்னுத்துரை, "நீ எதையாவது பாக்கி வச்சாத்தானம்மா எழுதுறதுக்கு" என்றார். கோயிலே சிரித்தது. குருவானவரும் சிரித்தார். தேவபிச்சை கொட்டானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஒரு அட்டை மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்" என்றார். மனைவியை இழந்து மூன்று மாதம் ஆகாத மனுஷன் என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. செயலாளர் குணசீலன் ஏழெட்டு அட்டைகளை மேஜையில் பரப்பினார்.

"என்னவே, இது உம்ம எழுத்துதானே?"

"ஆமா."

"இந்த ஊர்ல 'ழ'வுக்கு இவ்வளவு நீளமா வால் விடுதது நீரு ஒருத்தர்தான்."

"ஆமா."

"அப்போ நீரு எழுதுனதுதான்."

"நான் வசனந்தான் எழுதுனேன்."

"எனக்கு வந்தது இன்னைக்குக் காலை வரைக்கும் என் வீட்டுக்காரிக்கே தெரியாதுவே. உமக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு என்ன வந்துச்சு அண்ணாச்சி?" என்று, காலை ஆராதனைக்கு வராத இன்னொரு உறுப்பினர் கேட்டார். குணசீலன் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, கூட்டம் முடிந்தது என்றார்.

அடுத்த வருஷம் சந்தேகம் வேண்டாமென்று நாசரேத்திலிருந்து அச்சடித்த அட்டைகள் வாங்கி வந்தார்கள். கொட்டானிலிருந்து எடுத்தபோது ஓரத்துத் திராட்சைக் கொடியும் புறாவும் அப்படியே இருந்தன, நடுவில் மட்டும் தேவபிச்சையின் கையெழுத்தில் அவரவர் விழுங்கினது இருந்தது. எப்படியும் அவர் எழுத்தில்தான் வரப்போகிறது, அதற்கு வெளியூருக்கு ஏன் அலைய வேண்டும் என்று பழையபடி அவரிடமே விட்டார்கள். வந்த அட்டையைத் தொங்கவிடாமல் இருக்கக்கூடாது என்பதால் அதையும் தொங்கவிட்டார்கள். பொன்னுத்துரை கடையில் புளி அட்டை வருஷம் முழுக்கத் தொங்கியது. வருகிறவர்கள் தட்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்கினார்கள், வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பிக்கு முன்னால் நிலையைப் பார்த்தார்கள். பாடகர் குழுத் தலைவர் ராகத்தை மாற்றினார், அது இன்னும் மோசம் என்று டீச்சர் இப்போது நேரடியாகவே சொன்னார்.

பிறகு, சொல்லிவிட்டால் அட்டை வெள்ளையாக வரும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். மைக்கில் வாசிப்பதைவிட வீட்டில் சொல்வதில் மானக்கேடு குறைவு என்று, டிசம்பர் பிறந்தால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சொல்லத் தொடங்கினார்கள். அதனால் டிசம்பரில் ஊரில் சண்டையும் ஜனவரியில் வெள்ளை அட்டையும் பெருகின. வெள்ளை அட்டை வந்தால் கை தட்டினார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

தேவபிச்சை மூன்று வருஷமும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். மூன்று அட்டைகளையும் அரிசிப் பெட்டியின் அடியில், அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார், அளந்து எடுக்கும்போது உழக்கு அவற்றில் இடிக்கும். அவர் வாய் சுத்தமான மனுஷன், ஒளிக்க ஒன்றும் இல்லாததால்தான் அட்டையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. ராஜகனியின் அட்டை அவர் வீட்டு நிலைக்கு மேல் இருந்தது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்.

நான்காவது டிசம்பரில் தங்கபுஷ்பம் வந்தாள். ராஜகனிக்குத் தங்கை, மேலத்தெருவில் இருக்கிறவள், புருஷன் குவைத்தில். தேவபிச்சை அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் உட்காராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அதே எடத்துல இருக்கு அத்தான்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டாக்டர்கிட்ட?"

"காட்டியாச்சு. அதே டாக்டரம்மா. அதே பேச்சு."

"அப்போ போ. நாளைக்கே போ."

"அக்கா போகலையே." அவள் அண்ணாந்து அட்டையைப் பார்த்தாள். "அவ இத நம்பித்தானே போகாம இருந்தா. நான் போனா அவ நம்புனது பொய்யின்னு நானே சொல்லுத மாதிரி இருக்கு. போகாம இருக்கவும் பயமா இருக்கு, பிள்ள பிளஸ் டூ படிக்கா. அவ மனசுல கடைசியா என்னதான் இருந்துச்சின்னு தெரிஞ்சாப் போதும். அவ பேருக்கு ஒரு கார்டு எடுக்கணும்னு இருக்கேன். அதுல என்ன வருதோ அதும்படி செய்வேன்."

சொல்ல வேண்டியது மறுபடி தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை நாக்கு வரைக்கும் வந்தது.

"காப்பி குடிக்கியா?" என்றார்.

"வேண்டாம். கணக்குல ஒரு அட்டை கூட எழுதுங்க."

செத்தவர்கள் பேருக்கு அட்டை எடுக்கலாமா என்று கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். குணசீலன் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, வெளியூரில் இருப்பவர்களுக்காக வீட்டார் எடுக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, எந்த ஊர் என்று எழுதவில்லை என்றார். குருவானவர் யோசித்துவிட்டு, ராஜகனி இருக்கிறது நல்ல ஊர்தான் என்றார். அனுமதி கிடைத்தது.

புது வருஷத்து அன்று தங்கபுஷ்பம் தன் அட்டையை முதலில் எடுத்தாள். "எனக்குப் பயமா இருக்கு" என்று இருந்தது. சபையார் மெதுவாக ஆமென் சொன்னார்கள். பிறகு அவள் அக்காவுக்காகக் கண்ணை மூடினாள். தேவபிச்சை கொட்டானை அடியில் மட்டும் தாங்கி, இரண்டு கட்டைவிரலையும் விளிம்புக்கு வெளியே விரித்து வைத்திருந்தார், எல்லாரும் பார்க்கும்படி. அவள் கை அட்டைகளுக்குள் போய் அளைந்து ஒன்றை எடுத்தது. அவள் மைக்கில் வாசித்தாள்.

"மடிச்ச மூலைய அன்னைக்கே பார்த்தேன். அவிய வாயால சொல்லட்டும், சொன்ன அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்னு இருந்தேன்."

ஆமென் என்றார்கள். சொன்ன பிறகுதான் யோசித்தார்கள்.

"எந்த மூலை?" என்று மரியசெல்வம் கேட்டாள். தங்கபுஷ்பம் அட்டையின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தாள், ஒன்றும் மடிந்திருக்கவில்லை. "அத்தான், எந்த மூலைய சொல்லுதா அக்கா?"

ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பியபோது ராஜகனி தன் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்ததும், அதற்கு முந்திய பத்து மாதத்தில் சோறு போடும்போதும், தலை வாரும்போதும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதும் அதே மாதிரி பார்த்ததும், ஒவ்வொரு தடவையும் தான் கஞ்சியைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசியதும் தேவபிச்சைக்கு வரிசையாக வந்தன. அவள் பயந்தாள் என்று நினைத்திருந்தார், நம்பினாள் என்று நினைத்திருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் மானம் எவ்வளவு பெரிது என்று பார்க்கக் காத்திருந்த மாதிரி இருந்தது. பத்து மாதம் பார்த்தாள். அவள் உயிரைவிடப் பெரிதாகத்தான் இருந்தது.

அவர் கொட்டானைத் தரையில் வைத்துவிட்டு மைக் பக்கம் போனார். கண்ணாடி அன்றைக்கும் போடவில்லை. ஆட்கள் முகம் தெளிவாகத் தெரியாதது உதவியாக இருந்தது.

"ராஜகனிக்கு வந்த அட்டை தானா வந்ததில்ல" என்றார். "நான்தான் வச்சேன். மூலைய மடிச்சு, விரலுக்கு அடியில வச்சிருந்து, அவ கைக்குள்ள தள்ளுனேன். தைரியமா ஆப்பரேஷனுக்குப் போவான்னு செஞ்சேன். அவ போகலைன்னதும் சொல்லியிருக்கணும். சொல்ல வெட்கமா இருந்துச்சி. அவ சாகுற வரைக்கும் வெட்கமா இருந்துச்சி. பெறகும் சொல்லல. போன மாசம் இவ வந்து கேட்டப்போகூடச் சொல்லல."

அந்த ஊரில் மைக்கில் சொன்ன எதற்கும் ஆமென் சொல்லாமல் இருந்ததில்லை. தராசுக்குச் சொன்னார்கள், பிரசங்கத்துக்குச் சொன்னார்கள், ஒருவன் தன் தம்பியின் வயலுக்கு வந்த தண்ணீரைத் திருப்பிவிட்டதற்குச் சொன்னார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மரியசெல்வம்கூட எதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் பாக்கி வைத்தது அது ஒன்றுதான், அடுத்த வருஷம் அவளுக்கு அட்டையில் எழுத்து வந்தது.

தங்கபுஷ்பம் அக்காவின் அட்டையைச் சேலை முந்தானையில் முடிந்தாள். தேவபிச்சையைப் பார்க்காமல், முன்வரிசையில் இருந்த பொன்னுத்துரையிடம், "அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்கு இன்னைக்கு எத்தன மணிக்குப் பஸ்?" என்றாள்.

"புது வருஷம்லா, ஒன்பது மணி வண்டி வராது. பதினொண்ணே காலுக்கு இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இரண்டு பெண்கள் எழுந்து அவள் பின்னால் போனார்கள்.

மற்றவர்கள் மீதி அட்டைகளை எடுத்து வாசித்து முடித்தார்கள். கொட்டானைக் குணசீலன் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அவர் அதை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, "வெள்ளை" என்று சொல்லி, தேவபிச்சையின் கையில் கொடுத்தார். யாரும் கை தட்டவில்லை.

தங்கபுஷ்பத்துக்குத் தை மாதம் ஆப்பரேஷன் நடந்தது. பங்குனியில் முடி கொட்டியது, ஆவணியில் முளைத்தது. மகள் நல்ல மார்க் வாங்கினாள். தேவபிச்சையைத் தெருவில் பார்த்தால், "இருக்கியளா?" என்பாள். அவர், "இருக்கேன்" என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு இருந்ததில்லை. ஊர் அவரை ஒதுக்கவில்லை. கல்லறைச் சிலுவை எழுதக் கூப்பிட்டார்கள், அட்டையும் அவர்தான் எழுதினார். கொட்டானை மட்டும் இப்போது ஒரு முக்காலியின் மேல் வைக்கிறார்கள், அதை யாரும் பிடித்துக்கொள்வதில்லை.

அரிசிப் பெட்டியில் கிடந்த மூன்று அட்டைகளையும் அவர் ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே வரிதான் இருந்தது, மைக்கில் சொன்ன முதல் வரி.

ராஜகனியின் அட்டையை அவர் கழற்றவில்லை. அது நிலைக்கு மேலே அதே ஆணியில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. வலது மேல் மூலையில் மடிப்பு இருக்கிறது.